புதியது காண்டலும் சிவ வியாபகமும்: ஒரு மயக்க மறுப்பு

சிவமயம்

போடிநாயக்கனூரை அடுத்து மேற்குமலைச் சாரலை நோக்கியுள்ள சிற்றூர்களுள் பொட்டிபுரமும் ஒன்று. மேலே ஏலத்தோட்டங்களும், கீழே இலவமும் மாவும் நிற்குந் தோப்புக்களும் உடைய அப்பக்கத்தே, அம்பரப்பர் மலை என வழங்கும் குன்றினைக் குடைந்து, நியூட்ரினோ என்னும் நுண்டுகளை ஆராயும் நிலையமொன்று நிறுவுதற்கு இந்திய அரசு 2015-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய்ச் செலவில் இசைவு தந்தது. அன்றுதொட்டு அவ்வூர்ப் பெயர் செய்தித்தாள்களிலும் நீதிமன்றங்களிலும் பலகால் எடுத்தோதப்பட்டது. அந்நிலையம் அமைதல் தகுமோ தகாதோ என்னும் வழக்கு இக்கட்டுரையின் முதற்பொருள் அன்று. அதன்கண் சைவர்க்குரிய கடப்பாடு யாதென்பதை இறுதியிற் சுருங்கக் கூறுவாம். அதனை ஒட்டி நம்மவரிடையே உலாவும் இரு பிழைக்கோள்களை மறுத்து, மக்கள் புதிய பொருளொன்றை அறியுமாறு யாங்ஙனம் என்பதைச் சித்தாந்த நூல்வழி நின்று தெளிவித்தலே ஈண்டு எம் கருத்து.

இக்கோள்களுள் ஒன்று அன்பின் மிகுதியால் எழுந்ததாகலின் அதனை மறுத்தல் வேண்டா எனச் சிலர் கருதுவர். அன்பு வேறு, அளவை வேறு. சிவஞான முனிவர் பிற சமயத்தார் கூற்றுக்களை மாத்திரமன்றிச் சைவத்துள்ளார் எழுதிய உரையையும் மறுக்கத் தயங்கிற்றிலர். சிவசமவாத உரை மறுப்பே அதற்குச் சான்றாம். தன் வயலிற் களையைத் தானே பறியாதவன் வயலிற் பிறர் புகுந்து பறிப்பர். அப்பொழுது களையோடு பயிரும் போம்.

பிறர் கோள்

முதற் கோளுடையார் கூறுமாறு: நியூட்ரினோ மலையையும் மண்ணையும் மக்கள் யாக்கையையும் தடையின்றி ஊடுருவிச் செல்வது, கண்ணுக்குப் புலனாகாதது, எங்கும் நிறைந்தது. சிவபெருமானும் எப்பொருளினும் உள்நிற்பவன்; புலன்களுக்கு எட்டாதவன்; எங்கும் நிறைந்தவன். ஆகலின் மேனாட்டார் இன்று கண்டதனை நம் ஆகமங்கள் பண்டே கூறின. அம்பரம் என்பது வானமாதலின், வானினின்று வருந் துகளை அறிந்தே முன்னோர் அம்மலைக்கு அம்பரப்பர் எனப் பெயரிட்டனர் என்பது.

இரண்டாங் கோளுடையார், கல்லூரியிற் பயின்ற இளைஞரும் அவரைச் சார்ந்தோரும் ஆவர். அவர் கூறுமாறு: புதியது காண்டல் மக்கள் மதியின் படைப்பே, அறிஞன் தன் கற்பனை வலியால் முன்னில்லாத ஒன்றனைத் தோற்றுவிக்கின்றான், அதன்கண் திருவருளுக்கு யாதோர் இடமும் இல்லை என்பது.

இவை தம்முள் மாறுபட்டன போலத் தோன்றினும் வேர் ஒன்றே. முன்னையோர் ஒருவரும் உழையாமலே அறிவு வந்துவிட்டதென்பர்; பின்னையோர் உயிர் தானே தனித்து அறிவைப் படைத்ததென்பர். அறிவு எவ்வாறு விளைகின்றது என்பதை இருவரும் நோக்கிற்றிலர்.

நியூட்ரினோ அறியப்பட்ட வரலாறு

மறுக்கப் புகுமுன் பொருளை உள்ளவாறு அறிதல் வேண்டும். அறியாத பொருளைக் கொண்டு சாத்திரத்துக்குச் சான்று தேடுதலே இம்மயக்கத்துக்கெல்லாம் முதலாயிற்று.

அணுக்களுட் சில தாமே சிதைந்து எலெக்ட்ரான் என்னுந் துகளை வெளிவிடும். சிதையுமுன் இருந்த ஆற்றலும் சிதைந்தபின் உள்ள ஆற்றலும் ஒத்திருத்தல் வேண்டுமென்பது பௌதிக நூலாரின் உறுதி. ஆயின், வெளிப்போந்த எலெக்ட்ரான்கள் ஒரே அளவான ஆற்றலின்றிக் கூடியுங் குறைந்தும் வருதலை 1914-ஆம் ஆண்டு சாட்விக் என்னும் ஆங்கில அறிஞர் காட்டினர். வரவுக்கும் செலவுக்கும் கணக்கு ஒவ்வாதாயிற்று. அக்காலத்துப் பேரறிஞராகிய நீல்ஸ் போர், இத்தகைய நுண்ணிய நிகழ்ச்சியில் ஆற்றல் மாறாதென்னும் விதி ஒருகால் பொருந்தாது போலும் என்று எண்ணவுந் துணிந்தனர். 1930-ஆம் ஆண்டு டிசம்பரில் வுல்ப்காங் பௌலி என்பார் அதற்கு இசையாது, மின்னேற்றமில்லாததும் எவரும் கண்டறியாததுமாகிய மற்றொரு துகள் எஞ்சிய ஆற்றலைக் கொண்டு செல்கின்றதெனக் கருதி, அக்கருத்தினைத் தம் தோழர்க்குக் கடிதமாக எழுதினர். இத்தாலியராகிய பெர்மி அத்துகளை நியூட்ரினோ என வழங்கி அதற்கொரு கணித முறையும் வகுத்தனர்.

இது கருதலளவை. காரியத்தைக் கண்டு காணப்படாத காரணத்தைத் துணிதல் இதன் இயல்பு. புகை கண்டு தீயைத் துணிதல் போல்வது. ஆயினும் பௌலி தாம் கருதியதனையே கண்டதாகக் கொண்டாரல்லர். 1934-ஆம் ஆண்டு பெத்தே, பையர்ல்ஸ் என்னும் இருவர் கணக்கிட்டு, இத்துகள் பிற பொருளோடு தாக்குதல் மிக மிக அரிதாகலின் இதனைக் காண்டல் இயலாதென்றே கூறினர். ஞாயிற்றினின்று வரும் நியூட்ரினோக்கள் மாத்திரமே நம் உடம்பில் ஒரு சதுர சென்டிமீட்டர் அளவிற்று ஆகிய இடத்தூடே நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி செல்கின்றன. நாம் ஒன்றையும் உணர்கின்றிலேம். இத்தகையதனை 1956-ஆம் ஆண்டு, அமெரிக்க நாட்டிலே, ரைன்ஸ், கோவன் என்னும் இருவர் அணுவுலையொன்றின் அருகே கருவி அமைத்துக் கண்டனர். கருதலுக்கும் காண்டலுக்கும் இடையே கழிந்தன 26 ஆண்டுகள்.

நம் நாட்டிலும் இவ்வாராய்ச்சி புதிதன்று. கோலார்த் தங்கச் சுரங்கத்திலே, தரைக்குக் கீழ் ஏறத்தாழ 2,300 மீட்டர் ஆழத்தில், டாட்டா ஆராய்ச்சி நிலையத்தாரும் ஜப்பானிய ஒசாகா நகரத்தாரும் ஆங்கில நாட்டு டர்ஹாம் பல்கலைக்கழகத்தாருங் கூடிக் காற்றுமண்டலத்திற் பிறக்கும் நியூட்ரினோவின் குறியை 1965-ஆம் ஆண்டு கண்டனர். ஏனைக் கதிர்கள் வந்து கலவாதிருத்தற்கே ஆழமும் பாறையும் வேண்டப்பட்டன. பொட்டிபுரத்துக் குன்றினை நாடியதற்கும், ஒரு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பாறைக் கவிப்பின் கீழ் ஏறத்தாழ 50,000 டன் காந்தமேற்றிய இரும்பை அடுக்கக் கருதியதற்கும் காரணம் இதுவே.

இவ்வரலாற்றுள் எம் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தது ரேமண்ட் டேவிஸ் என்பாரது உழைப்பாம். அவர் ஹோம்ஸ்டேக் என்னுஞ் சுரங்கத்தில், குளோரின் கலந்த நீர்மம் 600 டன்னுக்கு மேல் நிறைந்த பெருந்தொட்டி ஒன்றை வைத்து, ஞாயிற்று நியூட்ரினோவால் அதனுள் மாறும் அணுக்களைத் தேடினர். திங்களொன்றுக்குச் சிலவே கிடைக்கும். அச்சிலவற்றை அத்துணைப் பெருந்தொட்டியினின்று பிரித்தெடுத்தல் வேண்டும். 1968 முதல் அவர் கண்ட முடிபு ஒன்றே: கணக்கின்படி வரவேண்டியதில் மூன்றில் ஒரு பங்களவே வந்தது. கருவி பிழையென்றார் சிலர். ஞாயிற்றைப் பற்றிய கணக்குப் பிழையென்றார் சிலர். அவர் தம் பிழையைத் தாமே தேடித் தேடிக் காணாராய், முப்பதாண்டளவும் அவ்வெண்ணையே மீளமீளக் கூறினர். இறுதியில் 1998-ஆம் ஆண்டு ஜப்பானிலும், 2001, 2002-ஆம் ஆண்டுகளிற் கனடாவிலும் நிகழ்ந்த ஆராய்ச்சிகளால் உண்மை வெளிப்பட்டது: நியூட்ரினோ வரும் வழியிலேயே ஒரு வகையினின்று மற்றொரு வகையாக மாறுகின்றது. டேவிஸின் கருவி ஒரு வகையை மாத்திரமே அறியவல்லதாகலின் எஞ்சியவை அதற்குப் புலனாயினவல்ல. கருவியும் பிழையன்று, ஞாயிற்றுக் கணக்கும் பிழையன்று. மாற்றமுண்டாகலின் அத்துகளுக்கு எடையும் உண்டென்பது பெறப்பட்டது. இல்லாமையைக் கண்டதே ஈண்டுப் பெரும் புதுமைக்கு வாயிலாயிற்று. அபாவத்தையும் ஓரளவையாக எண்ணி ஆராய்ந்த நம் நூலோர்க்கு இதன் நயம் எளிதின் விளங்கும்.

முதற் கோள் மறுப்பு

இனி முதற் கோளை ஆராய்வாம்.

சிவஞானபோதத்தின் ஒவ்வோர் அதிகரணமும் மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என்னும் முறையால் நடப்பதனை யாவரும் அறிவர். எடுத்துக்காட்டு ஏதுவின் வழியே வந்து அதனை விளக்குவதன்றித் தானே ஏதுவாகாது. யாம் மடத்திற் பாடங் கேட்ட காலத்து, ஏதுக் கூறாது உவமை கூறிய மாணாக்கனை ஆசிரியர் மீள எழுப்பி ஏது யாதென வினவாது விடார். ஊடுருவுதலும் காணப்படாமையும் இரண்டிற்கும் ஒத்தலான் நியூட்ரினோவை ஆகமம் கூறிற்று என்பார் வாக்கியத்துள் எடுத்துக்காட்டு உண்டு, ஏது இல்லை. காற்றும் காணப்படாதது, வெப்பமும் ஊடுருவுவது. இவ்வொப்புமையே போதுமாயின் ஆகமம் எதனைத்தான் கூறாதொழிந்தது? எல்லாவற்றையுங் கூறிற்றென்பது யாதொன்றையுங் கூறிற்றிலதென்பதனோடு ஒக்கும்.

அஃது ஏதுவாகாதேனும் நல்ல உவமையேனும் ஆகாதோ எனின், அதுவும் ஆகாதென்க. என்னை? நியூட்ரினோ ஒரு பொருளை ஊடுருவிச் செல்லுதற்குக் காரணம் அது அப்பொருளோடு யாதொரு தொடர்பும் கொள்ளாமையே. கோடிகோடியாக நம்முட் புக்குப் போயினும் நமக்கொரு நன்மையும் இன்று, தீமையும் இன்று. அது நம்மைத் தொடாமையாற் கடக்கின்றது. இறைவனோ உயிரோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நின்று, அதன் அறிவுக்கு அறிவாய் உதவுகின்றவன். ஐந்தொழிலும் உயிர்களின் பொருட்டே இயற்றுகின்றவன். அவன் நிறைவு உடனாதல். இதன் செலவு ஊடுருவல். பெருவழிச் சத்திரத்தில் ஓரிரவுந் தங்காது வாயிலைக் கடந்தோடும் வழிப்போக்கனைச் சத்திரத்தின் தலைவனென்பார் உளரோ? சிவ வியாபகத்துக்கு நியூட்ரினோவை உவமையாக்குவார், அருளே வடிவானவனை உதவாத பொருளோடு ஒப்பித்துக் குறைக்கின்றனர். புகழக் கருதிப் பழித்தவாறாயிற்று.

அன்றியும், சுட்டி அறியப்படுவது அசத்தென்பதும், இறைவன் பாசஞானத்தானும் பசுஞானத்தானும் அறியப்படான் என்பதும் நம் நூற்றுணிபு. நியூட்ரினோ எண்ணப்படுவது, கருவியில் இன்ன நொடியில் இன்ன இடத்தில் எனக் குறிக்கப்படுவது, ஒன்று மற்றொன்றாகத் திரிவது. இவையெல்லாம் சடத்தின் இலக்கணம். இரும்பும் கண்ணாடியும் மின்னும் கொண்டு அறியப்படும் ஒன்றனைச் சிவமென்றேனும், சிவத்துக்குச் சான்றென்றேனுங் கூறுவார், சிவத்தையும் சுட்டறிவுக்கு விடயமாக்கினாராவர். சைவ நூலை உயர்த்தப் புகுந்தவரே அதன் தலையாய துணிபை அழித்தல் வியப்பன்றோ?

இன்னும் ஒன்று கூறுவாம். கடந்த 19-ஆம் நூற்றாண்டில் ஒளி பரவுதற்கு இடமாக ஈதர் என்னும் ஒரு பொருள் எங்கும் நிறைந்துள்ளதென மேனாட்டார் கொண்டிருந்தனர். அப்பொழுது நம் நாட்டாருட் பலர், ஈதரே நம் ஆகாய தத்துவமென மகிழ்ந்து எழுதினர். 1887-ஆம் ஆண்டு மைக்கல்சன், மார்லி என்னும் இருவர் செய்த சோதனையில் அதன் குறி புலப்பட்டிலது. 1905-ஆம் ஆண்டு ஐன்ஸ்டீன் அது வேண்டப்படாததெனக் காட்டினர். ஈதர் போயிற்று, அதனோடு பிணித்த ஆகாயத்தின் கதி என்னாவது? நியூட்ரினோவுக்கும் இதுவே முறை. 1998-ஆம் ஆண்டு வரை அதற்கு எடையில்லையென்பதே பெருவழக்கான கொள்கை, பின்னர் எடையுண்டென்றாயிற்று. அதனோடு சிவத்தைப் பிணிப்பார், அவ்வாண்டுக்கு முன் ஒரு சிவமும் பின் ஒரு சிவமும் கூறுவாரோ? ஆராய்ச்சி நூலுக்கு மாற்றம் குற்றமன்று. அதுவே அதற்கு உயிர். என்றும் மாறாப் பொருளை உணர்த்தும் நூலை அதனோடு கட்டுதல், கரையில் நட்ட கம்பத்தை ஓடும் படகோடு கட்டுதல் போலும். படகும் செல்லாது, கம்பமும் நில்லாது.

இவற்றினும் எளிதாயதொரு வினாவுளது. ஆகமத்தில் இஃது உளதாயின், 1930-ஆம் ஆண்டுக்கு முன் ஒருவரேனும் எடுத்துரையாமை என்னை? மேனாட்டார் கருதி, கண்டு, எண்ணி, எழுதி முடித்த பின்னரன்றோ நம்மவர்க்கு அது புலனாயிற்று? பிறிதோர் அளவையால் ஒரு பொருள் அறியப்பட்ட பின்னரே அதனை அறிவிக்கும் அளவை அளவையாகாது. உரையளவையாகிய ஆகமத்துக்கு இவ்விழுக்கை ஏற்றுவது அதன் பகைவரல்லர், அதன் அன்பரே. ஆகமம் பதி, பசு, பாசம் என்னும் முப்பொருளின் உண்மையும், உயிர் பிணிப்பு நீங்குமாறும் உணர்த்த எழுந்தது. அதன்கண் குளோரினையும் ஆர்கானையும் தேடுதல், மருத்துவன் எழுதிய மருந்துச் சீட்டில் ஊருக்கு வழி தேடுதல் போல்வது. வழி அதிலில்லையென்பது மருந்துக்குக் குறையன்று.

மலைப்பெயரைச் சான்றாக்குதல் மறுக்கவும் வேண்டாத சிறுகோள். பெயர்க்குப் பொருள் வானாதலால் பெயரிட்டோர் வானினின்று வருவனவெல்லாம் அறிந்தாரென்னின், சிதம்பரமும் அம்பரத்தாற் பெயர்பெற்றதே. ஆண்டும் துகள் தேடப்புகுவரோ?

இதனால் விளையும் கேட்டினையும் நோக்குக. போடிப் பக்கத்துச் சைவக் குடியிற் பிறந்து, திருமுறை ஓதி வளர்ந்த ஒரு பிள்ளை, மதுரையிற் பௌதிகம் பயிலச் செல்கின்றானென வைத்துக்கொள்க. இப்பொய்யை வீட்டிற் கேட்டவன், ஆண்டு மெய்யை அறிந்த அன்றே, இதனைக் கூறினோர் கூறிய பிறவும் இத்தகையனவே என்று துணிவான். கன்மமும் மலமும் அருளும் பற்றிய மெய்யுரைகளும் அவனளவிற் பொய்யாய்க் கழியும். ஓர் உயிரைச் சாத்திரத்தினின்று அகற்றுதற்கு நாத்திகன் வேண்டா. அளவையறியா அன்பனே சாலும். அங்ஙனம் அகலாது நின்றவனோ, எல்லாம் பண்டே உளவாகலின் இனித் தேடற்பாலது யாதென மடிந்திருப்பான். இரண்டும் கேடே.

இரண்டாங் கோள் மறுப்பு

இனி, புதியது காண்டல் மக்கள் மதியின் படைப்பென்பாரை நோக்குவாம். முன்னையோரை மறுத்தமையால் யாம் இவர் பக்கஞ் சாய்ந்தேமல்லேம்.

இல்லது தோன்றாது, உள்ளது அழியாது என்பது சற்காரிய வாதம். பௌலி கருதுமுன்னும் நியூட்ரினோ இருந்தது. கருதியபின் அது மிகுந்ததுமன்று. எனவே அவர் படைத்தது யாது? ஏலமலை மக்களுக்கு இதனை ஏலத்தானே விளக்கலாம். செடியின் அடியில், மண்ணையொட்டிப் படர்ந்த சரத்திற் காய் பற்றியிருக்கும். பறிப்பார் குனிந்து இலையை விலக்கித் தேடிப் பருவமறிந்து பறிப்பர். பின்னர் அறையிலிட்டு மெல்லிய வெப்பத்தால் உலர்த்துவர். மணம் தோலினுள் வித்தின்கண் முன்னரே உளது. பறித்தவள் அதனைப் படைத்தாளல்லள், உலர்த்தினவனும் படைத்தானல்லன். ஆயின் அவர் குனிந்திலரேல், உலர்த்துமளவு அறிந்திலரேல், அம்மணம் நம் வாயில் வந்து வெளிப்படாது. படைப்பன்று என்றமையால் உழைப்பு இழிந்ததன்று. உழைப்புப் பெரிதென்றமையால் அது படைப்பாகிவிடுவதுமன்று.

அற்றேல், கருவியைச் செய்தது படைப்பன்றோ எனின், குயவன் குடத்துக்கு நிமித்தமாதல் போல அவர் கருவிக்கு நிமித்தமாவர். அப்பெருமையை யாம் மறுத்திலேம். கருவியாற் காணப்பட்ட உண்மைக்கு அவர் நிமித்தமுமல்லர்; காண்போரேயாவர்.

தமிழ் நூலுலகிலும் இதற்கு நல்ல சான்றுண்டு. திருவாவடுதுறை மடத்திலே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பயின்ற உ. வே. சாமிநாதையரவர்கள், 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்திற் சேலம் இராமசுவாமி முதலியாரவர்கள் வினவியதனால் சீவகசிந்தாமணியின்பால் உள்ளஞ் செலுத்தினர். மடத்துக் கல்வியில் அந்நூலுக்கு இடமில்லை. ஏடுகள் பல தொகுத்து ஒப்புநோக்கினர். விளங்காத சமயச் செய்திகளைச் சைனரிடஞ் சென்று கேட்டறிந்தனர். 1887-ஆம் ஆண்டு அச்சிட்டு வெளிப்படுத்தினர். அவர் சிந்தாமணியைப் படைத்தாரல்லர். சைனர் கூறுவதெல்லாம் எங்கள் நூலில் உளதென்று சொல்லி வீட்டில் இருந்தாருமல்லர். உள்ளதனை உள்ளவாறு காணும்பொருட்டு, அறிந்தாரிடம் சென்று பணிந்து கேட்டனர். புதியது காண்டலின் முழு இலக்கணமும் இதனுள் அடங்கும்.

இனி, உயிர் தானே தனித்து அறியுமென்பது பொருந்துமாறு இல்லை. ஆணவ மலத்தால் மறைப்புண்டு இச்சை, அறிவு, செயல் மூன்றும் விளங்காது கிடந்த உயிர்க்கு, கலை என்னுந் தத்துவம் அம்மறைப்பைச் சிறிதே நீக்கிச் செயலை எழுப்பும். வித்தை அறிவை எழுப்பும். அராகம் இச்சையை எழுப்பும். காலம் எல்லை வகுக்கும். நியதி அவரவர் வினைப்பயனை அவரவரே நுகருமாறு நிறுத்தும். இவ்வைந்தனையும் மேற்கூறிய வரலாற்றோடு பொருத்திக் காண்க. ஒரே எண்ணை முப்பதாண்டு விடாது தேடச் செய்த விழைவினை டேவிஸ் கடையில் வாங்கினாரல்லர். பௌலிக்கு அக்கருத்து உதித்த நொடியை அவர் தாம் குறித்து வரவழைத்தாருமல்லர். கருத்து 1930-இல் உதித்தும், முதல் அணுவுலை 1942-ஆம் ஆண்டே எழுந்தமையாற் காண்டல் பின்தங்கியது. காலம் என்பது இதுவே. அறிஞர் பலரும், பலநாள் உழன்று விடுத்த வினாவுக்கு விடை தாம் எண்ணாதவழித் தானே வந்து தோன்றியதென்று கூறக் கேட்கின்றோம். தானே வந்ததென்பது, யான் வருவித்தேனல்லேன் என்பதன் மறுபெயர். அவர் அதற்கு மேற் செல்லார். நம் நூல் செல்லும். கண்ணுக்கு உயிர் காட்டியும் உடன்நின்று கண்டும் உதவுமாறுபோல, உயிர்க்கு இறைவன் காட்டும் உபகாரமும் காணும் உபகாரமும் செய்கின்றான் என்பது மெய்கண்டார் துணிபு. அவ்வுபகாரம் ஆகமம் ஓதினார்க்கே என வரையறுக்கப்பட்டதன்று. ஞாயிற்றொளி வேலி பார்த்து விழாது. பௌலிக்கும் டேவிஸுக்கும் கோலார்ச் சுரங்கத்தில் இறங்கியோர்க்கும் காட்டியவன் அவனே. பிறர் கண்டதனை எம் முன்னோர் கண்டனரென்று பறித்துக்கொள்வார், அவனது உபகாரத்தையே மறுத்தவராவர். நியதி வகுத்த பயனையும் வவ்வக் கருதினவராவர்.

அற்றேல், இறைவன் காட்டுவானெனின் உழைப்பு எற்றுக்கு? கணித மேதை இராமாநுஜன் நாமக்கல் நாமகிரித் தாயார் கனவிற் காட்டியவற்றை எழுதினாரென்பரன்றோ எனின், நன்று வினவினீர். அவர் அங்ஙனம் நம்பினர்; அந்நம்பிக்கையை இகழ்தற்கு எமக்கு ஏதுவில்லை. ஆயின் அவர் பலகையில் எழுதியும் அழித்தும் இடையறாது கணக்கிட்டதனையும் நோக்குக. 1913-ஆம் ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் ஹார்டிக்கு விடுத்த கடிதங்களிற் கண்ட முடிபுகளுட் பெரும்பாலன மெய்யாயின. பகா எண்களின் பரவலைப் பற்றியன பிழையாயின. கனவிற் கண்டது என்பதனால் எதுவும் மெய்யாய்விட்டதில்லை. நிறுவப்பட்டதே மெய்யெனக் கொள்ளப்பட்டது. காட்சியினும் ஐயமும் திரிவும் உளவென்று நம் அளவை நூல் முன்னரே எச்சரித்துள்ளது. ஒளியின்றிக் கண் காணாது. ஒளியிருந்தும் திறவாத கண்ணுங் காணாது. திறந்த கண்ணும் கயிற்றை அரவெனக் காணும். ஒளி அருளினது; திறத்தல் உழைப்பினது; கயிறோ அரவோ எனத் தெளிதல் அளவையினது. இம்மூன்றனுள் ஒன்றை விட்டார்க்கும் புதியது காண்டல் இன்றாம்.

பொட்டிபுரத்து வழக்கு

இறுதியாக அவ்வூர் வழக்கிற்கு வருவாம். 2015-ஆம் ஆண்டு உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை உரிய இசைவு பெறாது பணி தொடங்கலாகாதென்றது. 2017-ஆம் ஆண்டு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் இசைவை நிறுத்திவைத்தது; 2018-ஆம் ஆண்டு இந்திய அரசு மீண்டும் இசைவு வழங்கியது. 2022-ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு, மேற்குமலைக் காட்டினையும் புலிகளின் வழித்தடத்தையும் நீர்ப்பிடிப்பையும் எடுத்துக்காட்டி உச்சநீதிமன்றத்தில் எதிர்ப்புரைத்தது. மதுரையில் 85 டன் எடையுள்ள சிறு மாதிரிக் கருவியொன்று மாத்திரம் அமைந்து வேலை செய்வதாயிற்று.

இவ்வழக்கில், நியூட்ரினோ சிவ வடிவாகலின் குடைதல் வேண்டுமென ஒருவரும், நியூட்ரினோ சாபமாய் வந்து ஊரை அழிக்குமாகலின் குடைதல் கூடாதென மற்றொருவரும் சமயத்தைச் சான்றுக்கு அழைப்பாராயின், இருவரும் பொய்ச்சான்று கூட்டினராவர். நியூட்ரினோவுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. அது குகை குடைந்தாலும் குடையாவிடினும் நம்மூடே சென்றுகொண்டேயிருக்கும். ஆராயற்பாலன வேறு: பாறையை வெடித்தலால் மலைக்கு யாது நேரும்? ஊற்றுக்களும் ஓடைகளும் யாதாம்? ஆடுமாடு மேய்ப்பார்க்கு வழியடையுமோ? ஊரவர் இசைந்தனரோ? இவை காண்டலானும் கருதலானும் தெளியற்பாலன. அறிந்தோரை வினவியும், ஊரவர் கூறுவதைச் செவிமடுத்தும் துணியற்பாலன. ஆண்டுச் சைவன் செய்யற்பாலது மெய்யான வினாவை வினவுதலும், மெய்யான விடைக்கு இணங்குதலுமேயாம். ஆராய்ச்சியாளர்க்கும் இதுவே கூறுவேம்: தம் கருவி காணும் எண்ணிற் கொள்ளும் ஐயத்தையும் பொறுமையையும், அம்மலைக்கீழ் வாழ்வார் வினாக்களுக்கு விடை கூறுதலினும் கொள்ளுதல் அவர்க்குக் கடனாம்.

முடிபு

இதுகாறுங் கூறியவாற்றால், நியூட்ரினோ ஆகமத்தின்கட் கூறப்பட்டதென்பது ஏதுவில் வழுவும் உவமையில் வழுவும் உடைத்தென்பதூஉம், அது சிவ வியாபகத்துக்கு ஒப்பாகாதென்பதூஉம், புதியது காண்டல் படைப்பன்று, உள்ளது வெளிப்படுதலே என்பதூஉம், அவ்வெளிப்பாட்டுக்கு உயிரின் உழைப்பும் அளவையும் இறைவன் உபகாரமும் ஒருங்கு வேண்டுமென்பதூஉம் பெறப்பட்டன. சைவப் பிள்ளைகள் பௌதிகம் கற்க, நன்றாகக் கற்க, கோலாரில் இறங்கியோரினும் ஆழ இறங்குக. அவர்க்குப் பிறர் நூலைத் தம்நூலென்னும் பொய்ப்பெருமை வேண்டா. யானே கண்டேன் என்னுஞ் செருக்கும் வேண்டா. கண்டது எதுவாயினும் அதனைக் காட்டினான் ஒருவன் உளன் என்னும் நினைவு மாறாதிருப்பின், அவர் கருவி முன் இருக்கும் இருப்பும் வழிபாட்டுக்குப் புறம்பாகாது.

திருச்சிற்றம்பலம்.